ரயிலிலும் பஸ்ஸிலும் முதுமலை, மசினகுடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டுக்குள் இரண்டு நாள் தங்க வேண்டும், சொந்த வண்டி இல்லை என்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். மேட்டுப்பாளையம் வரையோ மைசூரு வரையோ யாரும் தடுமாறுவதில்லை. குழப்பமெல்லாம் கடைசி 30 கிலோமீட்டரில்தான். அதனால் பயணத்தை வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடாதீர்கள். விடுதி வாசலில் தொடங்கிப் பின்னோக்கிப் போடுங்கள். மாலை 5 மணிக்கு விடுதியில் இருக்க வேண்டுமென்றால் கூடலூரில் எத்தனை மணிக்கு, ஊட்டியில் எத்தனை மணிக்கு, ரயில் எப்போது என்று கீழிறங்கி வாருங்கள். ரயில், பஸ் நேரங்கள் மாறக்கூடியவை என்பதால் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. கார் இல்லாம மசினகுடிக்குப் போக முடியுமா? பஸ்ஸெல்லாம் அங்க போகுதா?

போகிறது. ஊட்டியிலிருந்து கூடலூர் வழியாக மைசூரு போகும் நெடுஞ்சாலை முதுமலைப் புலிகள் காப்பகத்தின் நடுவே ஓடுகிறது. அந்தச் சாலையில் மாயாற்றுப் பாலத்தை ஒட்டி இருப்பது தெப்பக்காடு. யானைகள் முகாமும் வனத்துறை வரவேற்பு மையமும் அங்கேதான். ஊட்டி–மைசூரு பஸ் எல்லாம் அந்த வழியாகத்தான் போகும். தெப்பக்காட்டிலிருந்து கிழக்கே பிரியும் சாலையில் சுமார் 7 கி.மீ. போனால் மசினகுடி. கூடலூரிலிருந்தும் ஊட்டியிலிருந்தும் மசினகுடிக்கே அரசு பஸ் உண்டு.

டவுன் பஸ் போல பத்து நிமிடத்துக்கு ஒன்று வராது என்பதுதான் சிக்கல். ஒன்றை விட்டால் ஒரு மணி நேரமோ அதற்கு மேலுமோ காத்திருக்க வேண்டியிருக்கும்.

2. எந்த ஸ்டேஷன்ல இறங்கினா கிட்ட?

மூன்று வழிகள் இருக்கின்றன. மேட்டுப்பாளையத்தில் இறங்கினால் ஊட்டிக்குச் சுமார் 51 கி.மீ., அங்கிருந்து கூடலூர் வழியாகத் தெப்பக்காட்டுக்கு இன்னும் 70 கி.மீ. அளவில். மைசூரில் இறங்கினால் குண்டல்பேட்டை, பந்திப்பூர் வழியாகத் தெப்பக்காடு 90 கி.மீ. சொச்சம். கேரளத்தின் நிலம்பூர் ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் நாடுகாணி மலைப்பாதையில் கூடலூர் சுமார் 50 கி.மீ., அதற்குப் பிறகு தெப்பக்காடு 18 கி.மீ.

வரைபடத்தில் நிலம்பூர்தான் கிட்ட. ஆனால் ஷொர்ணூரில் இறங்கி 66 கி.மீ. கிளைப்பாதை ரயிலைப் பிடிக்க வேண்டும், அதன்பின் இரண்டு பஸ் மாற வேண்டும். பாலக்காடு, கோழிக்கோடு பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு அது சரி. மற்றவர்களுக்கு எங்கள் பரிந்துரை மைசூரு வழிதான். தமிழ்நாட்டுக் காட்டுக்குப் போக கர்நாடகம் சுற்றுவதா என்று பலரும் தயங்குகிறார்கள். ஊட்டிக்கு ஏறித் திரும்ப இறங்கும் வேலை அதில் இல்லை, பாதையும் பெரும்பாலும் நேர்ப்பாதை, ஒரே பஸ்ஸில் தெப்பக்காடு வந்துவிடும். சென்னையிலிருந்து காவேரி எக்ஸ்பிரஸ் இரவு கிளம்பிக் காலையில் மைசூரு சேரும். மதுரை, திண்டுக்கல் பக்கத்திலிருந்து வருபவர்களுக்குத் தூத்துக்குடி–மைசூரு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. மைசூரு ரயில் நிலையத்திலிருந்து புறநகர் பஸ் நிலையம் சுமார் 2 கி.மீ., ஆட்டோவில் போய்விடலாம். அங்கே ஊட்டி பஸ்ஸோ கூடலூர் பஸ்ஸோ ஏறுங்கள். ஏறும்போதே கண்டக்டரிடம் "தெப்பக்காட்டில் இறங்க வேண்டும், நிற்குமா?" என்று கேட்டுவிடுங்கள். சொகுசு பஸ்களில் சில நடுவில் நிற்காது. நின்றாலும் ஊட்டி வரைக்குமான கட்டணத்தை வாங்கலாம்.

3. சென்னையில ராத்திரி ஏறினா மறுநாள் மதியம் காட்டுல இருக்கலாமா? மேட்டுப்பாளையம் வழியாத்தான் வர ஆசை.

இருக்கலாம். நீலகிரி எக்ஸ்பிரஸ் சென்ட்ரலில் இரவு 9 மணி வாக்கில் கிளம்பி, காலை 6.20 வாக்கில் மேட்டுப்பாளையம் வந்துவிடும். பஸ் நிலையம் நடக்கும் தூரத்தில். டீ குடித்துவிட்டு 7 மணி பஸ் ஏறினால் 9.30க்கு ஊட்டி. ஊட்டியில் கூடலூர் அல்லது மைசூரு பஸ்ஸில் மாறினால் மதியம் 1 மணி வாக்கில் தெப்பக்காடு. சீசனில் இதோடு ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீலகிரி எக்ஸ்பிரஸில் இடம் கிடைக்கவில்லையென்றால் சேரன் எக்ஸ்பிரஸ் போன்ற கோவை ரயில்களைப் பாருங்கள். கோவையில் ஊட்டி பஸ் கிளம்புவது காந்திபுரத்தில் என்று நினைத்து அங்கே போய் நிற்பவர்கள் நிறைய. மேட்டுப்பாளையம் சாலையில், சாய்பாபா காலனிப் பக்கம் இருக்கும் புதிய பஸ் நிலையத்துக்குப் போக வேண்டும்.

4. டிக்கெட் எத்தனை நாளுக்கு முன்னாடி போடணும்?

ரயிலில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன் திறக்கிறது, பயண நாளைச் சேர்க்காமல். 2024 நவம்பர் 1க்கு முன்னால் அது 120 நாளாக இருந்தது. பழைய ஞாபகத்தில் நான்கு மாதம் முன்பே தேடிவிட்டு "ரயிலே இல்லை" என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெள்ளி இரவு நீலகிரி எக்ஸ்பிரஸும் ஞாயிறு இரவு திரும்பும் ரயிலும்தான் முதலில் நிரம்பும். வியாழன் இரவு கிளம்பிச் சனி இரவு திரும்புவது போல மாற்றிப் பாருங்கள், சுலபமாகக் கிடைக்கும்.

தட்கல் முந்தின நாள் காலை திறக்கும். ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்த்த ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில்தான் ஆன்லைன் தட்கல் எடுக்க முடியும். அந்தச் சரிபார்ப்பை இன்றே முடித்து வைத்துவிடுங்கள். 10.59க்கு உட்கார்ந்து ஓ.டி.பி. வரவில்லை என்று தவித்துப் பயனில்லை.

5. வெயிட்டிங் லிஸ்ட் 8ல இருக்கு. ஏறிட்டு டிடிஆர்கிட்ட பேசிக்கலாமா?

கூடாது. ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டில் எல்லோருமே வெயிட்டிங்கில் இருந்தால், சார்ட் (இறுதிப் பயணிகள் பட்டியல்) போட்டதும் அது தானாக ரத்தாகிப் பணம் கணக்குக்குத் திரும்பும். அதற்குப் பிறகு ஏறினால் டிக்கெட் இல்லாமல் ஏறிய கணக்கு. ஆர்.ஏ.சி. என்றால் தாராளமாக ஏறலாம், உட்கார இடம் உண்டு, சைடு லோயரை இருவர் பகிர வேண்டும். சார்ட் வந்த பிறகு மாற்று ஏற்பாடு தேடுவதற்குள் இரவு பஸ்களும் நிரம்பிவிடும். ஆகவே வெயிட்டிங் வைத்திருக்கிறவர்கள் கையில் ஒரு அரசு விரைவு பஸ் டிக்கெட்டையும் வைத்திருப்பது நல்லது.

6. மலை ரயில்லயே ஊட்டி போயிட்டு அன்னைக்கே மசினகுடி போய்ச் சேர முடியுமா?

முடியும், ஆனால் கைவசம் நேரம் மிஞ்சாது. மலை ரயில் மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பி நண்பகல் 12 மணி வாக்கில் ஊட்டி சேரும். 46 கி.மீ.க்கு ஐந்து மணி நேரம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே ஏற்றம் பன்னிரண்டுக்கு ஒன்று. தண்டவாளங்களுக்கு நடுவே இருக்கும் பற்சட்டத்தை எஞ்சினின் பற்சக்கரம் கவ்விக் கவ்வித்தான் ஏறுகிறது. எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். வழியில் தண்ணீர் பிடிக்க நிற்கும். அரை மணி, ஒரு மணி தாமதமாவது சகஜம். சாப்பிட்டுவிட்டு 1.30 பஸ் பிடித்தால் கூடலூர் 3.30, மசினகுடி 5 மணி. எங்கேயாவது ஒரு இடத்தில் பஸ் தவறினால் இருட்டிவிடும்.

மலை ரயில் ஆசை இருந்தால் முதல் நாள் இரவு ஊட்டியிலோ குன்னூரிலோ தங்கிவிட்டு, மறுநாள் காலை காட்டுக்கு இறங்குங்கள். மேட்டுப்பாளையம்–ஊட்டி டிக்கெட் கிடைக்காதவர்கள் குன்னூர்–ஊட்டி இடையே ஓடும் ரயில்களில் ஏறிப் பார்க்கலாம். அதில் பற்சக்கரப் பகுதி கிடையாது, டீசல் எஞ்சின்தான், ஆனால் டிக்கெட் அவ்வளவு கிராக்கி இல்லை. பெட்டிகளில் பெரிய சூட்கேஸ் வைக்க இடம் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

7. நீலகிரி எக்ஸ்பிரஸ் லேட்டாகி மலை ரயில் போயிடுச்சுன்னா, அந்த டிக்கெட் காசு அவ்வளவுதானா?

இரண்டு டிக்கெட்டையும் இணைத்திருந்தால் காசு போகாது. இரண்டாவது டிக்கெட் எடுக்கும்போது முதல் டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்து 'இணைப்புப் பயணம்' என்று பதியும் வசதி 2019 ஏப்ரல் முதல் இருக்கிறது. இரண்டிலும் பயணிகளின் பெயர், வயது, பாலினம் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், பயணம் செய்யாத பகுதிக்குப் பிடித்தமில்லாமல் பணம் திரும்பக் கிடைக்கும். ஆன்லைன் டிக்கெட்டுக்கு டி.டி.ஆர். (பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பம், டிக்கெட் பரிசோதகர் அல்ல) பதிய வேண்டும், அதுவும் முதல் ரயில் வந்து சேர்ந்த மூன்று மணி நேரத்துக்குள். மேட்டுப்பாளையம் பிளாட்பாரத்தில் நின்றபடியே பதிந்துவிடுங்கள். மலை ஏறிய பிறகு சிக்னல் தேடி அலைய வேண்டாம்.

இணைக்காமல் தனித்தனியாக எடுத்திருந்தால் இந்த வழி இல்லை. பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான்.

8. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியா 30 கிலோமீட்டர்தான்னு மேப் காட்டுது. எல்லாரும் ஏன் கூடலூர் சுத்திப் போகச் சொல்றாங்க?

மேப் பொய் சொல்லவில்லை. ஊட்டியிலிருந்து கூடலூர் சாலையில் சில கிலோமீட்டர் போனால் தலைகுந்தா. அங்கே வலப்புறம் பிரிந்து இறங்குவது கல்லட்டி மலைப்பாதை. மொத்தம் 36 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. இறக்கம் மிகச் செங்குத்து. சமவெளி டிரைவர்கள் கியரை இறக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருவார்கள், பாதி வழியில் பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். அதனால் வெளியூர் வண்டிகளை அந்தப் பாதையில் இறங்க விடுவதில்லை. நீலகிரிப் பதிவு எண்ணான டி.என். 43 வண்டிகளுக்குத்தான் அனுமதி.

இந்தத் தடை பஸ் பயணிக்குப் பொருட்டே இல்லை. ஊட்டி பஸ் நிலையத்திலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்குச் சிறிய அரசு பஸ் ஓடுகிறது, ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுவிடும். கார்க்காரர்கள் இரண்டரை மூன்று மணி நேரம் சுற்றும்போது பஸ்ஸில் போகிறவர் முன்னால் போய்ச் சேரும் அபூர்வமான இடம் இது. ஆனால் ஒரு நாளைக்குச் சில நடைகள்தான், இருக்கைகளும் குறைவு. ஊட்டியில் இறங்கியதும் நேரக் காப்பாளர் அறைக்குப் போய் "கல்லட்டி வழி மசினகுடி வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் காத்திருக்காமல் கூடலூர் பஸ் ஏறிவிடுங்கள், அது அடிக்கடி உண்டு. பைக்காரா, நடுவட்டம் வழியாக 50 கி.மீ., இரண்டு மணி நேரம்.

9. பஸ்ல போறவங்களும் இ-பாஸ் எடுக்கணுமா?

வேண்டாம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் வந்த இ-பாஸ், வண்டிக்கானது. அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிற பயணிகளுக்கு அது கிடையாது.

கோவையிலோ மைசூரிலோ வாடகைக் கார் பிடித்தால் அந்தக் காருக்கு இ-பாஸ் வேண்டும், கர்நாடக எல்லையிலுள்ள கக்கநல்லா சோதனைச் சாவடி வழியாக நுழைந்தாலும் சரி. "டிரைவர் எடுத்திருப்பார்" என்று நம்பி ஏறாமல், பாஸைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

10. தெப்பக்காட்டுல இறங்கணுமா, மசினகுடியிலயா? ரூம் போட்ட இடம் ரெண்டு ஊர் பேரையும் சொல்லுது.

முன்பதிவுச் சீட்டில் ஊர் பெயரைப் பாருங்கள். தெப்பக்காடு, கார்குடி, அபயாரண்யம் என்றிருந்தால் வனத்துறை விடுதிகள். அவை கூடலூர்–தெப்பக்காடு நெடுஞ்சாலையை ஒட்டியவை, ஆனால் வரவேற்பு மையத்தில் பதிவு செய்த பிறகுதான் அறைக்கு விடுவார்கள். ஆகவே தெப்பக்காட்டில் இறங்குங்கள். பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம், சிங்காரா என்றிருந்தால் தனியார் விடுதி. மசினகுடி முக்கில் இறங்கி ஜீப் பிடிக்க வேண்டும். மாவனல்லாவும் வாழைத்தோட்டமும் கல்லட்டி பஸ் வரும் வழியிலேயே இருப்பதால், அந்த பஸ்ஸில் வருகிறவர்கள் மசினகுடி வரை போய்த் திரும்பத் தேவையில்லை.

விடுதிக்கு முந்தின நாளே போன் செய்து நான்கு கேள்வி கேளுங்கள்: எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும், அங்கிருந்து எத்தனை கிலோமீட்டர், ஜீப் அனுப்புவீர்களா, அதற்குத் தனிக் காசா. "மெயின் ரோட்டிலிருந்து பக்கம்தான்" என்ற பதிலை ஏற்காதீர்கள். காட்டில் அந்தப் பக்கம் 3 கி.மீ.யாகவும் இருக்கும்.

11. தெப்பக்காட்டிலிருந்து 7 கிலோமீட்டர்தானே, பஸ் இல்லன்னா நடந்துடலாமா?

நடக்கக்கூடாது. அந்த 7 கி.மீ. முழுக்கப் புலிகள் காப்பகம். சாலையில் நடப்பதும் வண்டியை நிறுத்தி இறங்குவதும் குற்றம், வனத்துறை அபராதம் போடும். அபராதத்தை விடப் பெரிய விஷயம் யானை. சாலையோர உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால் யானை நின்றால் இருபது அடி தூரத்திலும் தெரியாது. பகலிலும் அப்படித்தான்.

தெப்பக்காட்டில் மாட்டிக்கொண்டால் வரவேற்பு மையத்துக்குப் பக்கத்திலேயே ஆட்கள் இருக்கும் இடத்தில் நில்லுங்கள். அடுத்த மசினகுடி பஸ், இல்லையென்றால் ஜீப், அதுவும் இல்லையென்றால் விடுதிக்கே போன். முன்பின் தெரியாத பைக்கில் தொற்றிக்கொள்வதும் வேண்டாம். யானை குறுக்கே வந்தால் பஸ்ஸுக்குள் இருப்பவருக்கு இருக்கும் பாதுகாப்பு பைக்கில் இருப்பவருக்கு இல்லை.

12. ராத்திரி ரோட்டை மூடிடுவாங்களாமே, எத்தனை மணிக்கு?

இரவு 9 முதல் காலை 6 வரை. பந்திப்பூர் வழிச் சாலையில் 2009இலிருந்து இந்தத் தடை இருக்கிறது, முதுமலைப் பகுதியிலும் அதே நேரம். ஆம்புலன்ஸும், அனுமதி பெற்ற ஒருசில அரசு பஸ்களும் மட்டும் விதிவிலக்கு.

ஆனால் உங்களுக்குக் கெடு 9 மணி கிடையாது. மசினகுடிக்குக் கடைசி பஸ் அதற்கு வெகு முன்பே போய்விடும், இருட்டிய பிறகு ஜீப்பும் கிடைப்பது கஷ்டம். மாலை 5 மணிக்குள் மசினகுடி முக்கில் கால் வைத்துவிட வேண்டும் என்பதைக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். அது நடக்காது என்று ஊட்டியில் இருக்கும்போதே தெரிந்தால் ஊட்டியிலும், கூடலூரில் தெரிந்தால் கூடலூரிலும் தங்கிவிடுங்கள். ஒரு இரவு வாடகை போகும், அவ்வளவுதான்.

13. மைசூருக்குச் சாயங்காலம் 5 மணிக்கு வர்ற ரயில்ல டிக்கெட் கிடைச்சிருக்கு. கேட் 9 மணிக்குத்தானே, போயிடலாம்ல?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 மணிக்கு ரயில், 5.30க்கு பஸ் நிலையம், 6 மணிக்கு பஸ் கிடைத்தால் தெப்பக்காடு 8.30. சோதனைச் சாவடியைத் தாண்டிவிடலாம், சரி. 8.30க்குத் தெப்பக்காட்டில் இறங்கி மசினகுடிக்கு எதில் போவீர்கள்? 11ஆம் கேள்விக்கான பதிலை இன்னொரு முறை படியுங்கள். ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் சாவடியையே தாண்ட முடியாது.

மைசூரில் தங்கிவிட்டுக் காலை பஸ்ஸில் வாருங்கள். 6 மணிக்குக் கேட் திறந்ததும் பந்திப்பூரைக் கடக்கும் பஸ்ஸில் சன்னல் ஓரம் இடம் கிடைத்தால், சஃபாரிக்குக் காசு கொடுக்காமலே மான் கூட்டமும் மயிலும் பார்க்கலாம். சில நாள் யானையும்.

14. எனக்கு மலை வளைவுன்னாலே வாந்தி வரும். என்ன பண்றது?

முதல் தீர்வு மைசூரு வழி. மேட்டுப்பாளையம்தான் என்றால் குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், அதன்பின் நடுவட்டத்திலிருந்து கூடலூர் இறக்கம். கல்லட்டி உங்களுக்கு வேண்டாம்.

வாந்தி மாத்திரையை வயிறு புரளத் தொடங்கிய பிறகு போட்டால் பலிக்காது. பஸ் கிளம்ப அரை மணி முன்பே, மருத்துவரோ மருந்துக்கடைக்காரரோ சொன்ன அளவில் போடுங்கள். பின் சக்கரத்துக்குப் பின்னால் உட்காராதீர்கள், வளைவில் அதிகம் வீசுவது அந்தப் பகுதிதான். முன்பகுதியில் உட்கார்ந்து சாலையைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். வெறும் வயிறும் ஆகாது, நெய்ப் பொங்கலும் ஆகாது. இரண்டு இட்லி போதும்.

15. எந்த மாதிரி பை? தண்ணி பாட்டில் பிடுங்கிடுவாங்களாமே?

முதுகில் மாட்டும் பை ஒன்று, கையில் சின்னதாக ஒன்று. சக்கரம் வைத்த பெட்டி மினி பஸ்ஸில் நடைபாதையை அடைக்கும், விடுதிக்குப் போகும் மண் பாதையில் உருளவும் உருளாது.

நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, அதில் தண்ணீர் பாட்டிலும் அடக்கம். சோதனைச் சாவடியில் பஸ்ஸில் ஏறியும் பார்ப்பார்கள். எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள், ஊர்களிலும் சாலையோரத்திலும் தண்ணீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள். உடை பச்சை, காக்கி, மண் நிறம். ஊட்டிக்கு ஸ்வெட்டர் வேண்டும். மசினகுடி சுமார் 1,000 மீட்டர் உயரம்தான், டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் மட்டும் குளிரும். டார்ச் கட்டாயம். சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு தெப்பக்காட்டில் இறங்காதீர்கள், குரங்குகள் உங்களுக்கு முன்பே பசியோடு காத்திருக்கும்.

16. ஜிபே போதுமா, காசு எடுத்துட்டுப் போகணுமா?

காசு வேண்டும். பஸ்ஸுக்குப் பத்து, இருபது ரூபாய்த் தாள்களாகவும், ஜீப்புக்கு நூறு ரூபாய்த் தாள்களாகவும். சிக்னல் இருக்கும் இடத்தில் எல்லாம் நடக்கும், தெப்பக்காட்டைச் சுற்றி அது விட்டு விட்டுத்தான் வரும். விடுதி எண், ரயில் டிக்கெட், அடையாள அட்டை மூன்றையும் போனில் படமாகச் சேமித்துவிட்டு, எண்ணை மட்டும் ஒரு தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

17. எந்த மாசம் போகக்கூடாது?

ரயில், பஸ்ஸில் போகிறவருக்கு இரண்டு காலங்கள் சிக்கல். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் முதல் பாதி வரை வடகிழக்குப் பருவமழை. கல்லாறு–குன்னூர் இடையே மண் சரிந்து மலை ரயில் நாள்கணக்கில் நிற்கும், சாலையிலும் மரம் விழும். அந்த மாதங்களில் மலை ரயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஏப்ரல், மே சீசன். சமவெளியிலிருந்து ஏறும் வண்டிகள் குன்னூர் வழியாகவும், இறங்குபவை கோத்தகிரி வழியாகவும் என்று ஒருவழிப்பாதை ஆக்குவார்கள். இரண்டரை மணி நேரப் பயணம் நான்காகும்.

பிப்ரவரி, மார்ச்சில் காடு காய்ந்து கிடக்கும். விலங்குகள் தண்ணீருக்கு வருவதால் பார்ப்பது சுலபம், ஆனால் காட்டுத்தீ அபாயம் கூடினால் சஃபாரியைத் தற்காலிகமாக நிறுத்துவதுண்டு. அதே பருவத்தில்தான் பொக்காபுரம் மாரியம்மன் திருவிழா. அப்போது சிறப்பு பஸ்கள் விடுவார்கள், அத்தனையிலும் கூட்டம் நிற்கும். எங்களைக் கேட்டால் ஆகஸ்ட், செப்டம்பர். மசினகுடி மழைமறைவுப் பகுதி, கூடலூரில் கொட்டும்போதும் அங்கே தூறலோடு நிற்கும்.

18. ஒரு ரிசார்ட் ரொம்ப மலிவா காட்டுது. நம்பிப் பணம் கட்டலாமா?

கட்டும் முன் கேளுங்கள். மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர் பீடபூமி யானை வழித்தடத்தை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதில் அடங்கிய விடுதிகள் பலவும் மூடப்பட்டன. மூடிய விடுதியின் படங்கள் இணையத்தில் அப்படியே கிடக்கும். போன் செய்து இப்போது இயங்குகிறதா, உரிமம் இருக்கிறதா என்று கேட்டு, முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாமல் போவது நல்லது. கார்க்காரர் வேறு இடம் தேடிப் போய்விடுவார். மாலை 5 மணிக்குப் பையோடு நிற்கும் பஸ் பயணிக்கு அந்த வசதி இல்லை.

19. மசினகுடியில இறங்கினதும் ஜீப்காரங்க 'நைட் சஃபாரி'ன்னு கூப்பிடுறாங்க. போகலாமா?

வேண்டாம். இரவில் காட்டுக்குள் வண்டி ஓட்டுவது சட்டவிரோதம், பிடிபட்டால் ஓட்டுநருக்கும் பயணிக்கும் அபராதம். முறையான சஃபாரி தெப்பக்காட்டில் வனத்துறை நடத்துவது, காலையும் மாலையும். மசினகுடியில் தங்குகிறவர்கள் காலைச் சஃபாரிக்குப் பஸ்ஸை நம்ப முடியாது. முந்தின நாளே ஜீப் பேசி வையுங்கள்.

20. 70 வயசு அம்மாவும் 4 வயசுப் பையனும் கூட வர்றாங்க. சரிப்படுமா?

சரிப்படும், ஒரே நாளில் எல்லாவற்றையும் அடைக்காவிட்டால். மைசூரு வழியே வாருங்கள், அங்கே ஒரு இரவு தங்குங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ரயிலில் டிக்கெட் வேண்டாம், ஆனால் தனிப் படுக்கையும் கிடையாது. அம்மாவின் மாத்திரைகளை இரண்டு நாளுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். மசினகுடியில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, அதற்கு மேல் என்றால் கூடலூர் அரசு மருத்துவமனை. 12ஆம் பதிலில் சொன்ன தடை ஆம்புலன்ஸுக்கு இல்லை என்பதை அம்மாவுக்கும் சொல்லிவிடுங்கள், நிம்மதியாகத் தூங்குவார்.

21. திரும்பும்போது ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ். மசினகுடியில எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

மேட்டுப்பாளையத்தில் அது இரவு 9 மணிக்கு மேல் கிளம்புகிறது. நீங்கள் 7 மணிக்கு அங்கே இருக்க வேண்டும். பின்னோக்கி வந்தால் ஊட்டியில் 4 மணி, கூடலூரில் 1.30, மசினகுடியில் 12 மணி. கல்லட்டி பஸ் பிடித்தால் 1.30க்குக் கிளம்பினாலும் போதும், ஆனால் அந்த ஒரு பஸ்ஸை மட்டும் நம்பாதீர்கள். மே மாதம் என்றால் கோத்தகிரி வழியாகத்தான் இறக்குவார்கள், காலை 10க்கே கிளம்பிவிடுங்கள். ஊட்டியில் பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பும் மலை ரயிலில் இறங்க டிக்கெட் வைத்திருந்தால் மசினகுடியில் 8 மணிக்கு பஸ் ஏற வேண்டும். அந்த ரயில் 5.35 வாக்கில் மேட்டுப்பாளையம் வந்துவிடும். பையை ரயில் நிலையப் பொருள் காப்பறையில் வைக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்துவிட்டு, ஊருக்குள் போய்ச் சாப்பிட்டு வரலாம்.